குறையும் தொட்டில்களும் கூடும் செலவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், பல்கலைக்கழக மாணவரான எமது இளம் அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளை வளர்ப்பின் செலவைப் பற்றிப் பேசுவதற்குக் கலியாணமாகாத ஒரு மாணவன் எழுந்து நிற்பதைக் கண்டு பெரியோர்கள் சிலர் உள்ளூர நகைக்கக்கூடும். நகைப்பது நியாயமே. ஆயினும், இன்னும் சில வருடங்களிலே இந்தச் சுமையைத் தோளில் ஏற்றப்போகிறவர்கள் என்னையும் என் தோழர்களையும் போன்றவர்கள்தாம். வண்டியில் ஏற்றப்படும் பாரத்தைப் பற்றி வண்டி இழுக்கப்போகிறவன் ஒரு வார்த்தை சொல்வதற்கு நீங்கள் இடந்தருவீர்கள் என்ற துணிவிலேயே பேசுகிறேன்.

எங்கள் தாத்தாமார் காலத்திலே இந்நாட்டின் கவலை வேறாக இருந்தது. 1946 இல் மலேரியாக் காய்ச்சலை ஒழிப்பதற்கு நாடெங்கும் டி. டி. ரி. மருந்து தெளிக்கப்பட்டது. சாவு வீதம் விரைவாக வீழ்ந்தது. பிறப்போ குறையவில்லை. 1953 இல் இலங்கையின் சனத்தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 3 வீதம் பெருகிக்கொண்டிருந்தது. ஒரு தாய்க்குச் சராசரி ஐந்து பிள்ளைகளுக்கு மேல். அதே ஆண்டிலே குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1958 இல் சுவீடன் தேசத்தின் உதவியோடு குடும்பக் கட்டுப்பாட்டு முயற்சி ஒன்றும் ஆரம்பமாயிற்று. உண்ண வாய்கள் பெருகுகின்றனவே, உணவுக்கு எங்கே போவது என்பதுதான் அக்காலத்துக் கேள்வி.

அதன் பின்னர் பிறப்பு படிப்படியாகக் குறைந்தது. 2016 இல் எடுக்கப்பட்ட கணிப்பின்படி ஒரு தாய்க்குப் பிள்ளைகள் சராசரி 2.2. இந்தக் குறைவை நான் குறையென்று சொல்லமாட்டேன். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்க்கு வந்தது, வீடு தேடி வரும் மருத்துவமாது வந்தாள், பெண்பிள்ளைகள் படித்தார்கள். அமெரிக்க மிசனார் 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913 இல் சைவப் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவினார்கள். எழுத்தறிந்த தாய் தன் உடலையும் தன் குடும்பத்தையும் தானே அறிந்து நடத்துகிறாள். அது எங்கள் குடாநாட்டின் பெருமை. ஆகவே பெண்கள் படித்ததனால் வந்த வினை இது என்று எவரேனும் சொல்வாராயின், அவரோடு நான் உடன்படேன். பத்துப் பிள்ளை பெற்ற பாட்டியின் காலத்துக்குத் திரும்பிப் போவோம் என்று கேட்கவும் நான் வரவில்லை.

அப்படியாயின் என் முறைப்பாடு யாது? விரும்பாமற் பிள்ளை பெறாதிருப்பது ஒன்று. விரும்பியும் பெற இயலாதிருப்பது வேறொன்று. முன்னையது சுதந்திரம். பின்னையது துன்பம். எங்கள் சமூகத்திலே இந்தத் துன்பம் பெருகி வருகின்றது என்பதே என் முறைப்பாடு.

சில கணக்குகளைக் கேளுங்கள். இலங்கை முழுவதிலும் 2019 இல் பதியப்பட்ட பிறப்புகள் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவை. 2024 இல் அவை 2 இலட்சத்து 20 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டன. ஐந்தே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு தொட்டில்கள் குறைந்தன. 2012 இல் நூறு பேருக்கு 25 பேர் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர். 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே அது ஏறக்குறைய 21.

இனி எங்கள் பகுதிக்கு வருவோம். 1981 இல் கிளிநொச்சியும் சேர்ந்திருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 8 இலட்சத்து 30 ஆயிரம். 2012 இல் இவ்விரு மாவட்டங்களையும் சேர்த்து எண்ணியும் 7 இலட்சத்தை எட்டவில்லை. நாடு முழுவதும் பெருகிய முப்பது வருடத்திலே நாங்கள் சுருங்கினோம். இதற்குப் பெருங்காரணம் பிறப்புக் குறைவன்று. யுத்தமும், இடப்பெயர்வும், 1983 க்குப் பின் கப்பலேறியும் விமானமேறியும் சென்ற எங்கள் உறவினருமே காரணம். இதை மறைத்துப் பேசுவது பொய்யாகும். வாக்காளர் தொகை குறைந்தமையால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் இருந்த 9 பாராளுமன்ற ஆசனங்கள் 2015 இல் 7 ஆகி, 2024 இல் 6 ஆயின. போனவர்களைத் திருப்பி அழைப்பது எங்கள் கையில் இல்லை. ஆனால், இருக்கின்றவர்களும் விரும்பிய பிள்ளையைப் பெற முடியாது நிற்பார்களாயின், யுத்தம் தொடங்கி வைத்ததை நாங்களே முடித்து வைத்தவர்களாவோம்.

எங்கள் ஒழுங்கையிலே பதினொரு வீடுகள் உண்டு. நான்கு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முற்றம் கூட்டுவதற்கு மாதமொருமுறை ஓர் ஆள் வந்துபோகிறார். மூன்று வீடுகளிலே வயோதிபர் மட்டும். எஞ்சிய நான்கு வீடுகளிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர்தாம். உங்கள் ஒழுங்கையையும் இவ்வாறே எண்ணிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வழியிலே எங்களுக்கு முன்னே நெடுந்தூரம் நடந்துவிட்ட தேசம் ஒன்றுண்டு. அது யப்பான். நான் படித்த மிசன் கல்லூரி நூல்நிலையத்திலே பழைய பூமிசாத்திரப் புத்தகமொன்று இருந்தது. யப்பான் சன நெரிசலால் மூச்சுத் திணறும் தீவு என்று அதிலே கண்டேன். உண்மையிலும் 1949 இல் அங்கே ஒரே வருடத்தில் 27 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. 2024 இலோ 7 இலட்சமும் இல்லை. 6 இலட்சத்து 86 ஆயிரம். ஒரு தாய்க்குப் பிள்ளைகள் சராசரி 1.15. ஒரு சமூகம் தன் தொகையைக் காத்துக்கொள்வதற்குச் சராசரி இரண்டுக்குச் சற்று மேல் வேண்டும். யப்பானிலே 2023 இல் எடுத்த கணக்கின்படி 90 இலட்சம் வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. பூட்டிய வீட்டைக் கண்டு பழகிய எங்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை.

பணமும் தொழிலும் மிகுந்த அத்தேசத்தில் ஏன் இந்நிலை? பிள்ளையை அவர்கள் வெறுக்கவில்லை. எத்தனை பிள்ளை வேண்டுமென்று ஆசைப்படுகிறார்களோ அத்தனையைப் பெறாத தம்பதிகளிடம் 2021 இல் காரணம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன மறுமொழி ஒன்றே: பிள்ளையை வளர்க்கவும் படிப்பிக்கவும் செலவு தாங்காது. அங்கே பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் "யுக்கு" என்னும் பிரத்தியேக வகுப்புகளுக்குப் போகிறார்கள். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை, பல்கலைக்கழகத்துக்குப் பரீட்சை, ஒவ்வொன்றுக்கும் கட்டணம். தகப்பன் இரவு வரை கந்தோரில். வீட்டு வேலையும் பிள்ளை வேலையும் தாயின் தலையில். ஒரு பிள்ளையோடு போதும் என்று அவள் நினைத்தால் அவளை யார் குறை சொல்வது?

வழக்கமொன்று எவ்வளவு பலமுடையது என்பதற்கும் யப்பானே சாட்சி. எங்கள் பஞ்சாங்கத்தைப் போலவே அவர்களுக்கும் அறுபது வருடச் சக்கரம் உண்டு. அதிலே "நெருப்புக் குதிரை" என்னும் வருடத்தில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. அவ்வருடம் 1966 இல் வந்தது. முந்திய வருடம் 18 இலட்சமாக இருந்த பிறப்பு, அவ்வருடம் 13 இலட்சத்து 60 ஆயிரமாக வீழ்ந்தது. அடுத்த வருடம் 19 இலட்சத்தைத் தாண்டியது. புகைவண்டியை மின்னல் வேகத்தில் ஓட்டிய தேசத்திலே, ஒரு நம்பிக்கை நான்கரை இலட்சம் தொட்டில்களை வெறுமையாக்கியது! அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், செவ்வாய் குற்றமென்று சொல்லி எங்கள் ஊரிலே காத்திருக்கும் பெண்களை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

யப்பானிய அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1989 இல் சராசரி 1.57 ஆக இறங்கியது கண்டு அதிர்ந்தது. 1994 முதல் திட்டத்தின்மேல் திட்டம் வகுத்தது; பிள்ளைக்கு உதவிப் பணம் கொடுத்தது; பராமரிப்பு நிலையங்கள் கட்டியது; 2023 இல் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமெனத் தனி நிருவாகமே ஏற்படுத்தியது. அயல் நாடான தென் கொரியாவும் அப்படியே பணத்தைக் கொட்டியது. அங்கே 2023 இல் சராசரி 0.72. இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று. சமூகம் தன் வழக்கத்தினாலே பிள்ளையின் விலையை ஏற்றிவிட்ட பிறகு, அரசாங்கம் பணத்தினால் அதை இறக்குவது மிகக் கடினம்.

அந்தப் பாடத்தோடு எங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். "மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான்" என்று பெரியோர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. உண்மையில், இந்நாட்டில் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியைப் பொதுமக்களின் பணமே வார்த்தது. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் கல்வி இலவசமாயிற்று. 1980 இல் இலவசப் பாடநூலும் 1993 இல் இலவசச் சீருடையும் வந்தன. கருப்பவதிக்குக் கிளினிக், திரிபோஷ மா, பிரசவத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி எல்லாம் பணமின்றிக் கிடைக்கின்றன. 2022 இல் வந்த பொருளாதார முடையினால் 400 கிராம் பால்மாப் பைக்கற்று ஆயிரம் ரூபாவைத் தாண்டியதும், கொப்பி பென்சிலின் விலை ஏறியதும் மெய்யே. அவை பெரும் பாரம். ஆயினும் அவை எல்லா மாவட்டத்தவர்க்கும் பொதுவானவை. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் நெஞ்சை அழுத்தும் பாரங்கள் வேறும் சில உண்டு. அவற்றை எந்தச் சட்டமும் எங்கள்மேல் ஏற்றவில்லை. நாங்களே ஏற்றிக்கொண்டோம்.

முதலாவது, ரியூசன். அரசாங்கம் இலவசமாகத் தந்த கல்வியை நாங்கள் மாலையிலே காசு கொடுத்து மறுபடி வாங்குகிறோம். புலமைப்பரிசில் பரீட்சைக்காக எட்டு வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு தனியார் கல்வி நிலையத்துக்கு ஓடுகிறது. அதன்பின் சாதாரண தரம், அதன்பின் உயர்தரம். டொக்டர், இஞ்சினியர் என்ற இரண்டு பதவிகளைத் தவிர வேறு தொழிலே உலகத்தில் இல்லாதது போல் நடந்துகொள்கிறோம். ஒரு பிள்ளைக்கே இத்தனை பாடம், இத்தனை கட்டணம், ஏற்றி இறக்க மோட்டார் சைக்கிள் எண்ணெய் என்றால், இரண்டாவது பிள்ளையைப் பற்றி எண்ணத் தாயும் தகப்பனும் அஞ்சுகிறார்கள். அயல் வீட்டுப் பிள்ளை போகிறதே என்ற அச்சம்தான் இந்தச் செலவின் பாதியை நிர்ணயிக்கிறது.

இரண்டாவது, சீதனம். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்பது எங்கள் பழமொழி. யப்பானியரும் மூன்று பெண் பெற்றால் குடும்பச் சொத்து அழியும் என்பார்களாம். அவர்கள் ஐந்து வரை பொறுக்கவில்லை! ஒல்லாந்தர் 1707 இல் எழுதுவித்த தேசவழமையின்படி சீதனம் என்பது பெற்றோர் மகளுக்குக் கொடுக்கும் அவளுடைய சொந்த ஆதனம், அவளுக்கொரு காவல். இன்று அது மாப்பிள்ளையின் பதவிக்கும் அவர் வாழும் தேசத்துக்கும் குறிக்கப்படும் விலையாகிவிட்டது. வீடும் வளவும் நகையும் போதாதென்று ரொக்கமும் கேட்கிறார்கள். பெண் குழந்தை பிறந்த அன்றே தகப்பன் சீட்டுக் கட்டத் தொடங்குகிறார். இது பிள்ளை வளர்க்கும் செலவில் சேராதா?

மூன்றாவது, காலங்கடந்த கலியாணம். படிப்பு முடிய இருபத்தாறு. உத்தியோகம் கிடைக்க இருபத்தெட்டு. குறிப்புப் பொருந்த, சீதன வீடு கட்டி முடிய, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு விசா வர முப்பத்தைந்து. எங்கள் உறவிலே ஓர் அக்கா இருக்கிறார், பட்டதாரி ஆசிரியை. முப்பத்தாறாவது வயதில் கலியாணமாயிற்று. ஒரு பிள்ளை பிறந்தது. இன்னொன்றுக்காக வைத்தியரிடம் நடந்து நடந்து, கடைசியில் ஆசையை விட்டார். "வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், போதும்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்பைக் கண்டவர்களுக்குத் தெரியும், அது யாருடைய தீர்மானமுமில்லாமல் நேர்ந்த நட்டமென்று. அவர் பிள்ளை வேண்டாமென்று சொல்லவில்லை. நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து பத்து வருடத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டோம்.

நான்காவது, தாயின் தனிமை. முன்னர் பிள்ளையைப் பார்க்கப் பாட்டி இருந்தாள், சித்தி இருந்தாள், அயல் வீட்டு அக்கா இருந்தாள். இன்று பாட்டி கனடாவில், சித்தி இலண்டனில். உத்தியோகம் பார்க்கும் தாய்க்குப் பிரசவ லீவு 84 வேலை நாட்கள். அரசாங்க உத்தியோகத்திலுள்ள தகப்பனுக்கு 3 நாட்கள். நான்காம் நாளிலிருந்து பிள்ளை தாயின் பொறுப்பு மாத்திரமே என்று எழுதாமல் எழுதியிருக்கிறது.

பெரியோர்களே, நீங்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை நானே கேட்கிறேன். "நாங்கள் ஓலை வீட்டிலே எட்டுப் பிள்ளை வளர்க்கவில்லையா? இக்காலத்தவர்க்குச் சொகுசு கூடிவிட்டது" என்பீர்கள். ஐயா, நீங்கள் பட்ட கஷ்டத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அக்காலத்திலே எட்டுப் பிள்ளைகளும் தோட்டத்திலே தண்ணீர் மாறினார்கள், ஆடு மேய்த்தார்கள், மூத்தது இளையதைத் தூக்கியது. பிள்ளை வீட்டுக்கு ஒரு கை. இன்று இருபத்தைந்து வயது வரை பிள்ளை வீட்டுக்கு ஒரு செலவு. சமூகம் மாறியபின் பழைய கணக்கால் புதிய குடும்பத்தை அளக்க முடியாது. வெளிநாட்டுப் பணம் வருகிறதே என்றும் சிலர் சொல்வார்கள். அந்தப் பணமே காணியின் விலையையும் சீதனத்தின் அளவையும் ஏற்றிவிட்டது. அப்படியொரு உறவினர் இல்லாதவர் வீட்டிலே அந்த ஏற்றம் வெறும் பாரமாகவே விழுகிறது.

இனிச் செய்யத்தக்கது யாது? சங்கத்தின் முன் நான்கு விண்ணப்பங்களை வைக்கிறேன்.

எங்கள் வாசிகசாலை மாலையிலே பூட்டிக் கிடக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அங்கத்தவர்கள் வாரத்தில் இரண்டு மாலை வந்து ஐந்தாம் வகுப்புக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பணமின்றிப் படிப்பிக்கலாம். முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அயலவர் பிள்ளைகள் எல்லோரும் ஒரே திண்ணையிலிருந்து படித்தால், பெற்றோரின் அச்சத்தில் பாதி தானே ஒழியும். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்புக்கும் பிள்ளைகள் திரும்பி வருவார்கள்.

இரண்டாவது விண்ணப்பம் என்னைப் போன்ற ஆண் மக்களுக்கு. எங்களுக்காகப் பேசப்படும் சீதனத்தில் ரொக்கம் ஒரு சதமும் வேண்டாம் என்று எங்கள் தாய் தந்தையரிடம் வாய் திறந்து சொல்வோம். கலியாணப் பேச்சிலே மாப்பிள்ளை மௌனமாக இருந்துவிட்டு, பின்னர் "அம்மா கேட்டா" என்று சொல்வது ஆண்மையல்ல. கோயிலிலே எளிய முறையில் தாலி கட்டுவதற்குச் சங்க மண்டபத்தைப் பணமின்றிக் கொடுக்குமாறு நிருவாக சபையாரையும் வேண்டுகிறேன்.

மூன்றாவது விண்ணப்பம் பெற்றோருக்கு. சோதிடத்தை இகழ நான் வரவில்லை. ஆனால் குறிப்பு வழி காட்டுவதற்கே, வழியை அடைப்பதற்கன்று. மனம் பொருந்திய இடத்தில், வீடு கட்டி முடியவில்லை, கிரகம் சற்றுக் குறைவு என்று வருடங்களைக் கடத்தாதீர்கள். போன வருடத்தை எந்தப் பரிகாரமும் திருப்பித் தராது.

நான்காவது விண்ணப்பம் யாவருக்கும் பொது. ஊரிலே பிள்ளை பார்க்க ஆளில்லாத தாய்மாரும் உண்டு. பேரப்பிள்ளைகள் தூர தேசத்திலிருக்க, பேச்சுத் துணையின்றித் திண்ணையிலே தனித்திருக்கும் பாட்டிமாரும் உண்டு. இவ்விரு பகுதியாரையும் ஒரு கூரையின் கீழ் சேர்ப்பதற்குப் பெரிய மூலதனம் தேவையில்லை. பூட்டிக் கிடக்கும் வீடொன்றை அதன் உரிமையாளரிடம் கேட்டுப் பெற்றுப் பகற்பொழுது பராமரிப்பு இல்லம் ஒன்றை நடத்தலாம். தகப்பன்மாரும் தொட்டிலாட்டினால் குறைந்துபோகமாட்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இளைஞர்களால் இது ஆகுமா என்று ஐயுற வேண்டாம். இக்குடாநாட்டிலே 1924 இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள். 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் அவர்களே. சைவரும் கிறித்தவரும் ஒரே மேடையில் நின்று, தீண்டாமை என்ற பழைய வழக்கத்தை எதிர்த்துப் பேசினார்கள். அவர்களிடம் அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. எங்கள் வயதுதான் இருந்தது.

பிள்ளை பெறுவதும் பெறாததும் கணவன் மனைவியரின் உரிமை. அதிலே சங்கத்துக்கோ அரசாங்கத்துக்கோ அதிகாரமில்லை. ஆனால் ஆசைப்பட்ட பிள்ளையைப் பெறவொட்டாமல் நாங்கள் வைத்த தடைக்கற்களை எடுத்துவிடுவது எங்கள் கடமை. யப்பான் தேசம் காலம் பிந்தி விழித்துக்கொண்டது. எங்களுக்கு இன்னும் சில வருடங்கள் உண்டு. வாசிகசாலையின் திறப்பு நிருவாக சபையாரிடம் இருக்கிறது. அடுத்த திங்கள் மாலை அதைத் திறந்து தருமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.